ஓரி முதல் சாமை வரை: சங்கங்களும் உண்மையும்



ஆடிப் பதினெட்டு நெருங்கினால் செம்மேட்டுக்குக் கல்யாண வீட்டுக் களை வந்துவிடும். வல்வில் ஓரி விழாவுக்கு அரசுத் துறைகள் போடும் கண்காட்சி, வில்வித்தைப் போட்டி, எழுபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி வரும் கூட்டம் என்று மலையே நிறைந்திருக்கும். வழியெங்கும் ஃப்ளெக்ஸ் பேனர்கள். இளைஞர் மன்றம், விவசாயிகள் சங்கம், வியாபாரிகள் சங்கம், அந்த அறக்கட்டளை, இந்தப் பேரவை. வேலையில் இருந்த காலத்தில் இவற்றையெல்லாம் நின்று படிக்க நேரம் கிடைத்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகு ஒன்று விடாமல் படிக்கிறேன். "மாபெரும்", "வரலாறு காணாத", "சாதனை நாயகன்" என்ற சொற்கள் எல்லாவற்றிலும் இருக்கின்றன. அந்தச் சங்கம் போன வருஷம் என்ன செய்தது, எவ்வளவு வசூல் ஆனது, எவ்வளவு செலவானது என்ற விவரம் ஒன்றில்கூட இருப்பதில்லை.

ஒரு சங்கம் ஊருக்குத் தன்னைப் பற்றி எப்படிச் சொல்ல வேண்டும்? இதற்கு 'மக்கள் தொடர்பு' என்று ஒரு பெயர் இருக்கிறது. நம் வயதுக்காரர்களுக்கு இந்தச் சொல் சினிமா டைட்டிலில் பழக்கமானது. 1958இல் வெளிவந்த எம்.ஜி.ஆரின் 'நாடோடி மன்னன்' படத்தின் மூலம் தமிழ்த் திரையுலகின் முதல் பி.ஆர்.ஓ. என்று பெயர் பெற்றவர் பிலிம் நியூஸ் ஆனந்தன். அதற்குப் பிறகு எத்தனையோ படங்களுக்கு அந்த வேலையைச் செய்தார். ஆனால் 2016இல் அவர் மறைந்தபோது எல்லோரும் நினைவுகூர்ந்தது அவர் செய்த விளம்பரங்களை அல்ல. எந்தப் படம் எந்தத் தேதியில் வந்தது, யார் நடித்தார்கள், யார் இசை என்று வாழ்நாள் முழுக்கச் சேர்த்து வைத்த தகவல் களஞ்சியத்தைத்தான். அந்தச் சேகரிப்பைத் தமிழக அரசே வாங்கிக்கொண்டது. அலங்காரப் பேச்சு மலிந்த ஒரு துறையில் இருந்தவருக்கு, துல்லியமான தகவல்தான் நிலைத்த பெயரைத் தந்தது. இதை முதலில் மனத்தில் வைத்துக்கொள்வோம்.

இனி நம் மலைக்கு வருவோம். கொல்லிமலையின் பெயரை உலகம் அறியச் செய்தவர்களில் முதலில் நிற்கிறவர்கள் சங்கப் புலவர்கள். வன்பரணர் பாடிய புறநானூற்று 152ஆம் பாட்டு நம்மில் பலருக்குத் தெரிந்த கதைதான். காட்டில் ஒரு வில்லாளி அம்பு விடுகிறான். அது யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, கலைமானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, கடைசியில் பக்கத்துப் புற்றில் இருந்த உடும்பில் போய்த் தைக்கிறது. ஒரே அம்பு! பள்ளிக்கூடத்தில் இதைச் சொன்னால் பின் பெஞ்சுப் பையன்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அது புலவருக்குள்ள உரிமை. கேட்கிறவனுக்கும் அது பாட்டு என்று தெரியும்.

அந்தப் பாட்டின் பின்பாதிதான் நமக்கு வேண்டியது. பாணர் கூட்டம் அந்த வில்லாளியைச் சூழ்ந்து நின்று பாடுகிறது. பாட்டில் ஓரியின் பெயர் வருகிறது. தன் பெயரைக் கேட்டதும் அவன் நாணுகிறான். வேட்டையாடிய மானின் இறைச்சியையும் தேனையும் கொடுத்து, தன் மலையில் கிடைத்த பொன்னையும் மணியையும் அந்தக் காட்டிலேயே அள்ளிக் கொடுக்கிறான். நான் இன்னான் என்று கடைசி வரை சொல்லவில்லை. அடுத்த பாட்டும் வன்பரணர் பாடியதே. ஓரியிடம் போன கூத்தர் சுற்றம் உண்டு களித்த மிகுதியில் ஆடலையும் பாடலையுமே மறந்துவிட்டது என்கிறார் அதில்.

ஓரி தன்னைப் பற்றித் தானே சொன்ன ஒரு வார்த்தைகூட நம்மிடம் இல்லை. பிறகு மலையமான் காரியோடு நடந்த போரில் அவன் இறந்தான்; மலை சேரன் கைக்குப் போயிற்று. ஆட்சி போய் ஏறத்தாழ இரண்டாயிரம் வருஷம் ஆன பிறகும் அவன் பெயரில் அரசு விழா நடக்கிறது. பெற்றவன் வாயால் வந்த புகழ் அது. கொடுத்தவன் தன் பணத்தில் பேனர் கட்டிக்கொண்டதால் வந்ததில்லை.

ஆனால் இந்தக் காலத்தில் ஓரியைப் போல வாய் மூடி இருந்தால் சங்கம் நடக்குமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சந்தா வாங்க வேண்டும். நன்கொடை கேட்க வேண்டும். ரத்த தான முகாம் எங்கே என்று ஊருக்குத் தெரிய வேண்டும். வாயைத் திறந்துதான் ஆக வேண்டும். அப்படியென்றால் எப்படித் திறப்பது? இதற்கு விதி எழுதிய முதல் ஆட்களில் ஒருவர் அமெரிக்காவைச் சேர்ந்த ஐவி லீ. பத்திரிகை நிருபராக இருந்தவர். 1906இல் நிலக்கரிச் சுரங்க வேலைநிறுத்தத்தின்போது முதலாளிகள் தங்கள் தரப்பைப் பத்திரிகைகளுக்குச் சொல்ல அவரை அமர்த்தினார்கள். அப்போது அவர் பத்திரிகை ஆசிரியர்களுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். எங்கள் வேலை ஒளிவு மறைவு இல்லாமல் நடக்கும். நாங்கள் தருவது செய்தியே தவிர விளம்பரம் அல்ல, விளம்பரமாகத் தோன்றினால் போடாதீர்கள். தகவல் சரியாக இருக்கும். நீங்களே சரிபார்க்க வேண்டுமானால் உதவுவோம். சுருக்கமாக அவ்வளவுதான்.

அதே 1906 அக்டோபர் 28ஆம் தேதி அட்லாண்டிக் சிட்டி அருகே பென்சில்வேனியா ரயில்வேயின் ரயில் ஒன்று பாலத்திலிருந்து நீரில் விழுந்து ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்தக் காலத்தில் ரயில் கம்பெனிகள் விபத்தை மூடி மறைக்கப் பார்ப்பதுதான் வழக்கம். லீ நேர்மாறாகச் செய்தார். நடந்ததை எழுதிப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார். நிருபர்களை விபத்து நடந்த இடத்துக்கே வரவழைத்தார். உலகின் முதல் 'செய்திக் குறிப்பு' அதுதான் என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். கெட்ட செய்தியையும் நம் வாயாலேயே, முதல் ஆளாகச் சொல்லிவிட்டால் நம்பிக்கை போகாது என்பது அன்று தெரிந்த பாடம்.

கதையை இத்தோடு முடித்தால் நானும் பேனர் எழுதுகிறவன் ஆகிவிடுவேன். அதே லீ, 1914இல் லட்லோ என்ற ஊரில் சுரங்கத் தொழிலாளர் குடும்பங்கள் கொல்லப்பட்ட பிறகு, ராக்பெல்லர் தரப்புக்காக வெளியிட்ட துண்டறிக்கைகளில் தவறான தகவல்கள் இருந்தன. 'விஷ ஐவி' என்ற பட்டப்பெயரே அவருக்கு ஒட்டிக்கொண்டது. விதி எழுதியவரையே அந்த விதி காப்பாற்றவில்லை. நல்ல விதி எழுதுவது ஒரு நாள் வேலை. அதன்படி நடப்பது ஆயுள் முழுக்கச் செய்ய வேண்டியது.

நம் நாட்டில் இந்தத் தொழிலைச் செய்பவர்களுக்கான இந்திய மக்கள் தொடர்புச் சங்கம் 1958இல் தொடங்கியது; 'நாடோடி மன்னன்' வந்த அதே வருஷம். 1968 ஏப்ரல் 21ஆம் தேதி டில்லியில் கூடிய மாநாட்டில் அவர்கள் ஒரு நடத்தை நெறியை ஏற்றுக்கொண்டார்கள். அந்த நாளே இன்றும் தேசிய மக்கள் தொடர்பு தினம். ஆனால் அது சம்பளம் வாங்கும் அதிகாரிகளுக்கானது. ஊர்ச் சங்கச் செயலாளர் கடையை அடைத்துவிட்டு வந்து ராத்திரி எட்டு மணிக்கு நோட்டீஸ் எழுதுகிறவர். அவருக்கு ஏற்றது எது?

அதற்கு ஒரு பாத்திர வியாபாரியின் கதை உதவும். ஹெர்பர்ட் டெய்லர் என்பவர் 1932இல், பொருளாதார மந்தத்தின் நடுவில், சிகாகோவில் திவாலாகும் நிலையில் இருந்த ஓர் அலுமினியப் பாத்திரக் கம்பெனியை ஏற்றார். கடனில் மூழ்கிய கம்பெனியைத் தூக்கி நிறுத்த நான்கே கேள்விகளை ஒரு சீட்டில் எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார். நாம் சொல்வது உண்மையா? சம்பந்தப்பட்ட எல்லாருக்கும் நியாயமா? நல்லெண்ணமும் நட்பும் வளருமா? எல்லாருக்கும் நன்மை தருமா? தம் கம்பெனி விளம்பரத்தையே முதலில் அந்தக் கேள்விகளுக்கு முன் நிறுத்தினார். முதல் கேள்வியிலேயே அது தோற்றது. 'மிகச் சிறந்த', 'உலகிலேயே' போன்ற சொற்களை வெட்டிவிட்டு, பாத்திரம் என்ன செய்யும் என்பதை மட்டும் எழுதச் சொன்னார். கம்பெனி பிழைத்தது. 1943இல் ரோட்டரி இயக்கம் அந்த நான்கு கேள்விகளை ஏற்றுக்கொண்டது. சென்னையில் 1929 முதல் ரோட்டரி இருக்கிறது. பிறகு மாவட்டத் தலைநகர்கள், தாலுகா ஊர்கள் வரை வந்தது. உங்களில் பலர் அந்தக் கூட்டங்களில் இந்தக் கேள்விகளைக் கேட்டிருப்பீர்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு சங்கத்துக்கு முதல் கேள்வி ஒன்றே போதுமாக இருந்திருக்கும். அடிவாரத்தில் ஓர் ஊர். பெயர் வேண்டாம். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பை கொடுத்தார்கள். கொடுத்தது நாற்பது; பத்திரிகைக்குப் போன குறிப்பில் நூறு. எழுதினவருக்குக் கெட்ட எண்ணம் இல்லை. "நூறு என்றால்தான் சார் போடுவாங்க" என்றார். செய்தி வந்தது. மறுநாள் காலையில் பை கிடைக்காத பிள்ளைகளின் தாய்மார்கள் பள்ளி வாசலுக்கு வந்துவிட்டார்கள். மிச்சம் அறுபது பை எங்கே என்று தலைமையாசிரியரைக் கேட்டார்கள். நாற்பது பை கொடுத்த நல்ல காரியம், அறுபது பையைத் தின்றுவிட்டார்கள் என்ற பேச்சாக மாறியது. அடுத்த வருஷம் அந்தச் சங்கத்தார் நன்கொடை நோட்டை எடுத்துக்கொண்டு கடைவீதியில் நடந்தபோது எத்தனை முகம் திரும்பியது என்று நான் பார்த்தேன். நாற்பது என்று எழுதியிருந்தால் ஊர் கையெடுத்துக் கும்பிட்டிருக்கும்.

பணம் என்று வரும்போது இது இன்னும் கூர்மையாகும். இதற்கு நம் தமிழ்நாட்டிலேயே ஒரு பெரிய உதாரணம் உண்டு. கப்பலோட்டிய தமிழன் வ.உ.சி. 1912 டிசம்பரில் சிறையிலிருந்து வெளியே வந்தபோது கப்பல் கம்பெனியும் இல்லை, வக்கீல் சன்னதும் இல்லை. சென்னையில் குடும்பத்தோடு வறுமையில் இருந்தார். தென்னாப்பிரிக்காவில் இருந்த தமிழர்கள் அவருக்காகச் சேர்த்த பணம் காந்தியிடம் கொடுக்கப்பட்டிருந்தது. 1915இல் காந்தி சென்னைக்கு வந்தபோது தொடங்கி இருவருக்கும் இடையே மாதக் கணக்கில் கடிதங்கள் போய் வந்தன. யார் கொடுத்தார்கள், எவ்வளவு என்ற விவரம் கைவசம் இல்லாமல் இழுத்தது. கடைசியில் 1916இன் தொடக்கத்தில் தொகை வந்து சேர்ந்தது: 347 ரூபாய் 12 அணா. இந்தக் கடிதங்களை ஆராய்ந்து ஆ.இரா. வேங்கடாசலபதி ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். அந்தத் தொகை அதன் தலைப்பிலேயே இருக்கிறது.

பொதுப்பணக் கணக்கில் காந்தியைவிடக் கறாரானவர் இல்லை. 1894இல் நேட்டால் இந்தியக் காங்கிரஸைத் தொடங்கியபோதே ஒவ்வொரு காசுக்கும் ரசீது வேண்டும் என்று நின்றவர். கணக்கு சரியாக இல்லாத பொது நிறுவனத்தில் உண்மை நிற்காது என்பது அவர் கொள்கை. அப்பேர்ப்பட்டவர் கையிலும், கடல் கடந்து வந்த ஒரு நன்கொடைக்கு விவரம் உடனே கிடைக்காததால், கஷ்டத்தில் இருந்த ஒரு குடும்பம் மாதக் கணக்கில் காத்திருந்தது. யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்தப் பன்னிரண்டு அணாவைப் பாருங்கள். முழுத் தொகையாக்கி 350 என்று அனுப்பவில்லை. 300 என்று குறைக்கவும் இல்லை. சேர்ந்தது எவ்வளவோ அது அப்படியே போய்ச் சேர்ந்தது. நம் சங்க அறிக்கைகளில் 'சுமார்' என்ற சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பன்னிரண்டு அணா நினைவுக்கு வரும்.

மறுபடி மலைக்கு வருகிறேன். நம் காலத்திலேயே, நம் கண்ணெதிரே நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

நாம் சிறுவர்களாக இருந்தபோது மலையில் சாமையும் தினையும் கேழ்வரகும்தான் சோறு. பிறகு குச்சிக்கிழங்கு வந்தது. கீழே சேலம், நாமக்கல் பக்கம் சேகோ ஃபேக்டரிகள் பெருகப் பெருக, மலைமேல் குச்சிக்கிழங்குக் காடு பெருகியது. கையில் காசு வந்தது. சாமை மெல்ல மெல்லப் போனது. எம்.எஸ். சுவாமிநாதன் 1988இல் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் கொல்லிமலையில் வேலையை ஆரம்பித்தது. அவர்கள் எளிதாக ஒன்று சொல்லியிருக்கலாம்: "மலைவாசிகள் பாரம்பரியத்தை மறந்துவிட்டார்கள், நாங்கள் வந்து மீட்கிறோம்." கேட்க நன்றாக இருக்கும், பேனருக்கும் பொருத்தம்.

அவர்களுடைய ஆய்வுகள் வேறு ஒன்றைச் சொல்லின. குச்சிக்கிழங்குக்கு மாறியவர்கள் வருமானக் கணக்குப் பார்த்துத்தான் மாறினார்கள் என்பது ஒன்று. இன்னொன்று நம் வீட்டுப் பெண்களுக்கு மட்டும் தெரிந்தது: சாமையைக் குத்துவது. நெல்லுக்கு மில் இருந்தது; சாமைக்கு உரலும் உலக்கையும்தான். காட்டு வேலை முடிந்து வந்து, இருட்டில் உலக்கை பிடித்து, உமி போக்கிப் புடைத்து, பிறகு உலை வைக்க வேண்டும். என் தாயாரின் உள்ளங்கை எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். ரேஷன் அரிசி வந்ததும் அந்தக் கை உலக்கையைக் கீழே வைத்தது. அதில் என்ன தப்பு?

காரணத்தை உள்ளபடி சொன்னதால்தான் பரிகாரமும் சரியாக அமைந்தது. ஊர்களுக்குச் சிறு அரவை இயந்திரங்கள் வந்தன. பெண்கள் சுய உதவிக் குழுக்கள் சாமையையும் கேழ்வரகையும் மாவு, ரவை, உப்புமா மிக்ஸ் என்று பொட்டலம் போட்டு விற்றன. பாதுகாப்பு, சாகுபடி, உணவில் சேர்த்தல், வியாபாரம் என்ற நான்கும் சேர்ந்து நடந்தால்தான் தானியம் நிற்கும் என்பது சுவாமிநாதன் வழக்கமாகச் சொன்னது. குச்சிக்கிழங்கு போய்விட்டதா என்றால் இல்லை. சாமை பழையபடி திரும்பிவிட்டதா என்றால் அதுவும் இல்லை. ஆனால் கட்டவெட்டிச் சாமை, திரிகுலச் சாமை போன்ற ரகங்களின் விதை இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. இவ்வளவுதான் சாதனை என்று அளந்து சொன்னால் அதன் மதிப்பு குறையாது. கூடும்.

இப்போது நம் முன்னால் இருக்கும் ஆபத்து வேறு. ஐக்கிய நாடுகள் சபை 2023ஐச் சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்ததிலிருந்து கொல்லிமலை என்ற பெயருக்குச் சந்தையில் மவுசு கூடிவிட்டது. 'சர்க்கரை நோயை அடியோடு போக்கும் கொல்லிமலைச் சாமை', 'எல்லா நோய்க்கும் கொல்லிமலை மூலிகை', 'சுத்தமான கொல்லிமலைத் தேன்' என்று மலையைக் கண்ணால் பார்க்காதவர்கள் கூவி விற்கிறார்கள். சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. உணவுப் பொருளுக்குத் தவறான விளம்பரம் செய்தால் 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்ச ரூபாய் வரை அபராதம் போட முடியும். சட்டம் இருக்கட்டும். அதைவிடப் பெரிய நஷ்டம் நம்முடையது. சோளக்காட்டுச் சந்தையில் உண்மையான மிளகையும் தேனையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம், "இது ஒரிஜினலா?" என்று சந்தேகத்தோடு முகர்ந்து பார்க்கிறான் வெளியூர்க்காரன். எவனோ சொன்ன பொய்க்கு அவள் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. மலையின் பெயர் ஊர்ப் பொதுச் சொத்து. ஒருவர் அதை அழுக்காக்கினால் பதினான்கு நாட்டுக்காரர்களும் துவைக்க வேண்டும்.

அதனால்தான் மலைமேல் இருக்கும் சங்கங்களும் குழுக்களும் மற்றவர்களைவிட ஒரு படி கூடுதலாக வாய்மையோடு பேச வேண்டும் என்கிறேன். இது பெரிய வித்தை இல்லை. நாற்பது என்றால் நாற்பது என்று எழுதுங்கள். அரசு கொடுத்ததை அரசு கொடுத்தது என்றும், ஒரு தனி மனிதர் கொடுத்ததை அவர் கொடுத்தது என்றும் சொல்லுங்கள். வாங்கிக் கொடுத்த சங்கம் கொடுத்த சங்கம் ஆகிவிடாது. உதவி பெறும் பிள்ளையைப் போட்டோ எடுக்கும் முன் அதன் தாய் தகப்பனிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். போன வருஷம் சொன்ன காரியம் நடக்கவில்லை என்றால், யாரும் கேட்பதற்கு முன் நீங்களே காரணத்தைச் சொல்லிவிடுங்கள். சாமை உடம்புக்கு நல்லது, நார்ச்சத்து உள்ளது என்று சொல்லுங்கள். டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள்.

பதிவு செய்த சங்கமாக இருந்தால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975 ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டுவதையும் கணக்கைப் பதிவாளரிடம் கொடுப்பதையும் கடமையாகவே வைத்திருக்கிறது. பதிவாளர் அலுவலகத்துக்குப் போகும் அதே கணக்கின் ஒரு நகலை ஊராட்சி அலுவலகச் சுவரிலும் ஒட்டினால் என்ன குறைந்துவிடும்? ஜெராக்ஸ் செலவு இரண்டு ரூபாய்.

நம் வயதுக்காரர்கள் பலர் இப்போது ஏதோ ஒரு சங்கத்தில் ஆலோசகராகவோ பொருளாளராகவோ இருக்கிறோம். இளைஞர்கள் நோட்டீஸ் எழுதிக்கொண்டு வந்து "பாருங்க ஐயா" என்று நீட்டும்போது எழுத்துப் பிழை பார்ப்பதோடு நிறுத்த வேண்டாம். 'மாபெரும்' என்ற சொல்லை அடித்துவிட்டு, அந்த இடத்தில் வரவு, செலவு, கையிருப்பு என்று மூன்று வரி எழுதச் சொல்லுவோம். பன்னிரண்டு அணா வரைக்கும்.